பாடம் அண்ணனுக்கு, பரிசோதனை தங்கைக்கு

ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைக்க, அங்கிருந்த இரும்பு வியாபாரத்தை நகரின் வட எல்லைக்கு நகர்த்தும் எண்ணத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் உருவாக்கியதுதான் சாத்தாங்காடு இரும்புச் சந்தை. தகடும் கம்பியும் ஏற்றி வரும் லாரிகள் இங்கே லோடு இறக்கக் காத்து நிற்கும். ஓட்டுநரோடு கிளீனராக வருகிறவன் பல நேரங்களில் மீசை அரும்பும் வயதுப் பையன். எய்ட்ஸ் பிரச்சாரம் லாரித் தொழிலைத் தேடி வந்தபோது, ஆணுறை பற்றியும் பால்வினை நோய் பற்றியும் அவன் காதிலும் நாலு வார்த்தை விழுந்தது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அவன் வயதுப் பெண்ணுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பாலியல் கல்வி நம் மண்ணுக்கு ஒவ்வாத இறக்குமதி என்று சொல்பவர்கள் இந்த வட்டாரத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். நாம் இதைப் பொதுவில் பேசாத சமூகமாக ஒருநாளும் இருந்ததில்லை. யாரிடம் பேசுவது, யாரைச் சோதிப்பது என்பதில்தான் திரும்பத் திரும்பத் தவறினோம்.

தவறு பழையது. பால்வினை நோய் கண்ட பெண்களை அடைத்து வைத்துச் சிகிச்சை தரும் 'லாக்' மருத்துவமனைகள் சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழிலில் இருந்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. சிப்பாய்களையும் மாலுமிகளையும் காப்பதே நோக்கம். ஆனால் அந்த ஆண்களுக்குப் பரிசோதனை கிடையாது. 1888இல் சட்டம் நீக்கப்பட்டது. பெண்ணை நோயின் ஊற்றாகப் பார்க்கும் பார்வை நீங்கவில்லை. 1920களின் இறுதியில் சென்னையில் நியோ-மால்தூசியன் சங்கத்தார் கருத்தடைக்காக வாதாடினார்கள். பெரியார் இன்னும் ஒரு படி மேலே போய், 'குடி அரசு' பக்கங்களில் கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலையோடு சேர்த்து எழுதினார். பிறகு அரசே குடும்பக் கட்டுப்பாட்டைச் சுவரெங்கும் எழுதியது. ஆனால் அதன் சின்னமான சிவப்பு முக்கோணம் பேசியது மணமான தம்பதியிடம். மணத்துக்கு முந்தைய வயது அந்தச் சுவரில் இடம்பெறவில்லை.

1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. இங்கும் ரத்தம் எடுக்கப்பட்டது அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம். ஆனால் அடுத்து நடந்தது புதிது. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாலியல் தொழிலாளர்களிடமும் லாரி ஓட்டுநர்களிடமும் தொண்டு நிறுவனங்கள் நேரடியாகப் போயின. 2000களில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான புள்ளிராஜா விளம்பரம் ஊர் ஊராக நின்றபோது, தமிழ்க் குடும்பங்கள் பேருந்து நிறுத்தத்திலேயே அதைப் படித்தன. பண்பாடு ஒன்றும் இடிந்து விழவில்லை.

பலன் இருந்ததா? ராஜேஷ் குமார் குழுவினர் 2006இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட தென்பகுதி மாநிலங்களில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த பெண்களைக் கணக்கெடுத்தது. 15 முதல் 24 வயதுக்குள் இருந்தோரிடம் எச்.ஐ.வி. தொற்று 2000இல் 1.7 சதவீதம், 2004இல் 1.1 சதவீதம். நோயாளிகள் இறந்ததால் எண்ணிக்கை குறைந்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தவிர்க்கவே இளம் வயதினரை எடுத்தார்கள்: அவர்களிடம் இருக்கும் தொற்று பெரும்பாலும் அண்மையில் வந்ததாகவே இருக்கும். ஆண்களின் நடத்தை மாறியதும் ஆணுறைப் பழக்கம் பரவியதும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத இல்லத்தரசிகள். இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால் இரண்டு உண்மைகள் தெரிகின்றன. வெளிப்படையாகப் பேசியதோடுதான் தொற்றின் சரிவும் வந்தது. ஆனால் பாடம் கேட்டவர்கள் ஆண்கள். விளைவைத் தாங்கிய உடம்பு, எதுவும் சொல்லப்படாமல் மணமேடை ஏறிய இளம்பெண்ணுடையது.

இந்தப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோக 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் அதை நிறுத்தின. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றது. எதிர்த்தவர்களின் முதல் அச்சம், சொல்லிக் கொடுத்தால் செய்து பார்ப்பார்கள் என்பது. அதே 2009இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, பல நாடுகளில் நடந்த 87 ஆய்வுகளைத் தொகுத்து இதற்குப் பதில் தந்தது: இத்தகைய கல்வி பாலுறவைத் தொடங்கும் வயதை முன்னே இழுப்பதில்லை, பல திட்டங்களில் தள்ளிப்போடவே செய்தது.

இரண்டாவது வாதம், இது வீட்டின் வேலை என்பது. மரியாதைக்குரிய வாதம்தான், ஆனால் வீடு அந்த வேலையைச் செய்கிறதா? பெண் வயதுக்கு வந்ததை மஞ்சள் நீராட்டு விழா வைத்து, டிஜிட்டல் பேனர் கட்டி ஊருக்கே அறிவிக்கிறோம். அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அவளிடம் சொல்வதில்லை. 2006-07இல் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் தமிழ்நாடு உள்ளிட்ட 6 மாநிலங்களில் 50,000க்கும் மேற்பட்ட இளையோரிடம் கேட்டன. குடும்ப வாழ்வுக் கல்வியோ பாலியல் கல்வியோ பெற்றவர்கள் 15 சதவீதம் அளவில்தான். அது வேண்டும் என்றவர்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர். வீடும் பள்ளியும் விட்ட இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. கைப்பேசியில் சிறார் ஆபாசப் படம் வைத்திருந்ததாக அம்பத்தூரில் பதிவான வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில், 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முழுமையான பாலியல் கல்வி பற்றி ஒன்றிய அரசு யோசிக்க வேண்டும் என்று சொன்னது இந்தச் சூழலில்தான்.

2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரை தன் பொறுப்பு என்கிறது. தாளில் இருக்கும் பொறுப்பு வகுப்பறைக்கு வர வேண்டும். மாதவிடாய், கருத்தரிப்பு, சம்மதம், நோய்த்தடுப்பு ஆகிய நான்கையும் ஆண், பெண் இருபாலாருக்கும் எட்டாம் வகுப்பு முடிவதற்குள், பயிற்சி பெற்ற ஆசிரியர் கூச்சமின்றி நடத்த வேண்டும். படிப்பை விட்டுப் பட்டறைக்கும் லாரிக்கும் போன பையனுக்கு அதைச் சாத்தாங்காட்டிலேயே போய்ச் சொல்ல வேண்டும். ஒரு நோய் வந்த பிறகு சொல்லத் துணிந்த அரசால், வருவதற்கு முன்பும் சொல்ல முடியும்.