கல்லொட்டி மீன்

கல்லொட்டி, கெண்டைக் குடும்பத்தில் காரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். குற்றால மலையில் பிறந்து தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாற்றில் பாறைத் தரையே இதன் இருப்பிடம். சாண் நீளத்தைத் தாண்டுவது அரிது. வயிறு தட்டை; மார்புத் துடுப்புகள் படுக்கையாக விரிந்திருக்கும்; காற்றுப்பை சிறுத்திருப்பதால் மிதக்கும் இயல்பு குறைவு. கீழுதட்டை அடுத்த மோவாய்ப் பகுதி அகன்று, வட்டத் தட்டாகப் பாறையைப் பற்றுகிறது. தாமிரபரணிப் படுகைக்கே உரிய காரா ஜோசுவாய் என்ற இனத்தை இ. ஜி. சைலஸ் 1954இல் விவரித்தார். களக்காட்டு மலையின் காரா களக்காடென்சிஸ் 1993இல் அறிவியலுக்கு அறிமுகமானது.

வெள்ளத்தில் இம்மீன் நிலைப்பதற்குத் தட்டு ஒன்றையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி விடைதான். பாறையை உரசும் நீர் வேகம் இழக்கிறது. தரையை ஒட்டிய நீர், மேலே பாயும் நீரைவிட மந்தமானது. தட்டை வயிறும் விரிந்த துடுப்பும் உடலை அங்கே பதியவைக்கின்றன. தட்டு அந்த நிலையை உறுதியாக்குகிறது. ஓடைகளின் வேகத்தையும் உயிர்களின் உடலமைப்பையும் இணைத்து சுந்தர்லால் ஹோரா 1930இல் எழுதிய ஆய்வு இந்தப் பார்வைக்கு அடித்தளம். உறவில்லாத மீன்களும் இதையே உணர்த்துகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளிப்டோதோராக்ஸ் கெளுத்திக்கு மார்புத் தோல் மடிப்புகள் பிடிமானம். பவானியா என்னும் அயிரை இன உறவுக்கு அகன்ற துடுப்புகள். கடலோரப் பாறைகளில் வாழும் உளுவை மீன்களுக்கு ஒன்றிணைந்த வயிற்றுத் துடுப்புகள். உறுப்பு வேறு, தேவை ஒன்று.

கல்லொட்டி அமைதியான குட்டைகளிலும் கிடைக்கிறதே, வேகநீருக்கு ஏற்ற உடல் எதற்கு என்று கேட்கலாம். குற்றாலச் சாரல் ஜூன் முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழையிலும் வெள்ளம் வரும். கோடையில் இதே ஆறு குட்டைகளாகச் சுருங்குகிறது. குட்டையில் தட்டு இல்லாமலும் பிழைக்கலாம். வெள்ள நாளில் பிடி தவறிய மீன் அடித்துச் செல்லப்படும். தட்டு இரைக்காகத் தோன்றியது என்ற வாதத்தில் உண்மை உண்டு: வாய் அடிப்புறத்தில் இருக்கிறது, பாறைப் பாசியைச் சுரண்டுவதே முக்கிய உணவு. ஆனால் சுரண்டுவதற்கும் ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். இரண்டும் ஒரே பாறையில் நடக்கின்றன. ஆகவே ஆற்றில் நீர் இருந்தால் மீன் இருக்கும் என்று எண்ணுவது தவறு. மலைச்சரிவு வெட்டப்பட்டு வண்டல் இறங்கினால், நீர் குறையாமலே பாசி மூடிப்போகும், பிடிமானமும் போகும். ஓடைப் பாதுகாப்பில் நீரளவோடு தரையின் நிலையையும் அளந்தாக வேண்டும்.