கேமராவுக்குப் பின்னால் – 14: ஒரே கப்பலில் இருவர்

2006 ஜனவரி 29. கோயா விருது மேடையில் இசபெல் கோஷெட்டை நிறுத்திவிட்டுப் போன வாரம் விடைபெற்றோம். ‘வார்த்தைகளின் ரகசிய வாழ்க்கை’ சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, தயாரிப்பு மேற்பார்வை என்று நான்கு விருதுகளை அள்ளிய இரவு அது. இந்த வாரம் ‘புத்தகக் கடை’க்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2018-இல், அதே விருதை மறுபடியும் அவர் கையில் சேர்த்த படம். வருகிறேன். ஆனால் நடுவில் ஒரு படம் குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளை வேகமாக ஓட்டிவிடுகிறேன். 2008-இல் ஃபிலிப் ராத்தின் நாவலை வைத்து ‘எலிஜி’: பெனலோப் குரூஸ், பென் கிங்ஸ்லி. 2009-இல் டோக்கியோ போய் ரின்கோ கிகுச்சியை வைத்து எடுத்த படம் கான் போட்டிப் பிரிவுக்குப் போனது. 2011-இல் நீதிபதி கார்சோனை உட்கார வைத்துப் பேசவிட்ட ஆவணப்படம், அதற்கும் ஒரு கோயா. 2014-இல் நியூயார்க்கில் ‘லேர்னிங் டு டிரைவ்’. கணவன் விட்டுப்போன நடுவயது விமர்சகி ஒருத்திக்கு, அடைக்கலம் தேடி அமெரிக்கா வந்த சீக்கியர் ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற கதை. அந்த சீக்கியராக மறுபடியும் கிங்ஸ்லி. தலைப்பாகையை அவர் ஒவ்வொரு சுற்றாகக் கட்டுகிற நிதானத்துக்காகவே அந்தப் படத்தை நான் இரண்டு முறை பார்த்தேன்.

பார்சிலோனாவை ஒட்டிய சான்த் அட்ரியாவில் பிறந்து, புதுநன்மைக்குப் பரிசாக வந்த 8 எம்எம் கேமராவோடு தொடங்கியவர், ஊரை விட்டு, மொழியை விட்டு ஏன் இப்படி அலைகிறார் என்ற கேள்வி அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. 1996-இல் ஒரேகான் மாநிலத்துக்குப் போய் ஆங்கிலத்தில் படம் எடுத்த நாளிலிருந்து வருகிற கேள்வி இது. பதில் படங்களிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. ‘நானில்லாத என் வாழ்க்கை’யில் அம்மாவின் வீட்டுக் கொல்லையில் நிற்கிற ஒரு கேரவன். ‘ரகசிய வாழ்க்கை’யில் நடுக்கடலில் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடை. அவருடைய பெண்கள் ஏதாவது ஒரு சின்ன இடத்துக்குள் வந்து அடைபடுகிறார்கள். எதிரே இன்னொரு ஆள். வெளியே போக வழியில்லை, அதனால் பேச்சு பிறக்கிறது. சொந்த ஊரில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்நிய இடத்தில் முடியாது. அதற்காகத்தான் அவருக்கு அந்நிய நிலம் வேண்டியிருக்கிறது.

அந்தத் தேடலில் அவர் போய்ச் சேர்ந்த கடைசி எல்லை வட துருவம். 2015 பிப்ரவரி 5 அன்று பெர்லின் திரைப்பட விழா அவருடைய ‘யாரும் இரவை விரும்புவதில்லை’ படத்தோடு தொடங்கியது. மிகுவேல் பாரோஸ் எழுதிய கதை. ஜூலியட் பினோஷ், ரின்கோ கிகுச்சி, கேப்ரியல் பைர்ன். நார்வேயின் பனிவெளி, பல்கேரியா, கூடவே வெயிலுக்குப் பேர்போன டெனரீஃப் தீவு என்று மூன்று இடங்களில் படப்பிடிப்பு. 1908-இல் துருவ ஆய்வாளர் ராபர்ட் பியரியின் மனைவி ஜோசஃபின், கணவனின் வெற்றியைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறாள். எவ்வளவு சொல்லியும் கேட்காமல் வடக்கே வடக்கே போகிறாள். கடைசியில், இருள் கவிகிற நேரத்தில், அல்லாகா என்ற இனூயிட் பெண்ணோடு தனியாக மாட்டிக்கொள்கிறாள். அல்லாகாவின் வயிற்றில் பியரியின் பிள்ளை.

பெர்லினில் விமர்சகர்கள் இந்தப் படத்தை வாரித் தூற்றினார்கள். நான் பார்த்து முடித்த கையோடு பியரி குடும்பத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். பல வாரங்கள் ஆகியும் அதிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நிஜம் படத்தைவிடப் பல மடங்கு கனமானது.

ஜோசஃபின் டீபிட்ஷ், 1863-இல் பிறந்தவர். அப்பா வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வேலை பார்த்தார், மகளும் அங்கேயே வேலைக்குப் போனாள். 1888-இல் கடற்படைப் பொறியாளர் பியரியுடன் கல்யாணம். மூன்றாவது வருடம் கணவனோடு வடக்கு கிரீன்லாந்துக்குக் கப்பல் ஏறினார். பெண்ணை எதற்கு அழைத்துப் போகிறாய் என்று பத்திரிகைகள் பியரியைக் காய்ச்சின. போகும் வழியிலேயே கப்பலின் சுக்கான் பனியில் மோதி, அதன் இரும்புப்பிடி திரும்பியடித்து, பியரியின் கால் எலும்புகள் முறிந்தன. எலும்பைச் சேர்த்துக் கட்டிய மருத்துவர் ஃபிரடெரிக் குக். அதே குக்தான் பின்னாளில், பியரிக்கு முன்பே நான் துருவத்தைத் தொட்டுவிட்டேன் என்று உரிமை கோரியவர். நொண்டிக்கொண்டிருந்த தலைவனை ஒரு படகில் வைத்துக்கொண்டு போனபோது வால்ரஸ் கூட்டம் சூழ்ந்துகொண்டது. தந்தங்கள் படகின் விளிம்பில் உரச, ஆண்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். படகின் அடியில் உட்கார்ந்து, கணவனின் காலுக்குத் தன் உடம்பை அண்டக் கொடுத்தபடி, காலியான துப்பாக்கிகளை வாங்கி வாங்கித் தோட்டா நிரப்பிக் கொடுத்தவர் ஜோசஃபின். படத்தில் பினோஷ் கரடியைச் சுடுகிற முதல் காட்சியைப் பார்த்துச் சிலர் நம்ப மறுத்தார்கள். இந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள்.

1893-இல் இரண்டாவது முறை போனபோது அவர் கர்ப்பிணி. செப்டம்பர் 12 அன்று, போடோயின் விரிகுடாவில் பலகையால் கட்டிய வீட்டில் மகள் மேரி பிறந்தாள். அவ்வளவு வெள்ளையான குழந்தையை அந்தப் பக்கத்து மக்கள் பார்த்ததில்லை. பனியில் செய்த பொம்மையா, உயிருள்ள உடம்பா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். சில வாரங்களில் சூரியன் போய்விட்டது. குழந்தையின் முதல் மாதங்கள் விளக்கொளியிலேயே கழிந்தன. சூரியன் திரும்பி வந்த நாளில், ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சக் கீற்றைக் கையால் பிடிக்கப் பார்த்தாளாம். அவளுக்கு ரோமத்தில் முதல் சட்டை தைத்துக் கொடுத்தவள் ஓர் உள்ளூர்ப் பெண். அவளுடைய பெயரான அனிகிட்டோவையே மகளுக்கு நடுப்பெயராக வைத்தார் ஜோசஃபின்.

இப்போது பியரியைப் பற்றி. இவரை வீரர் என்று பள்ளிப் புத்தகங்கள் எழுதிவிட்டன. நான் எழுத மாட்டேன். கேப் யார்க்கில் கிடந்த விண்கற்களிலிருந்துதான் அந்தப் பக்கத்துச் சின்ன இனூயிட் கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் கத்திக்கும் ஈட்டிமுனைக்கும் இரும்பைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தது. 1897-இல், 31 டன் எடையுள்ள பெரிய கல்லையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார் பியரி. அந்தக் கல்லுக்கும் அனிகிட்டோ என்று தன் மகளின் பெயர். நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு அது கடைசியில் 40,000 டாலருக்குக் கைமாறியது. அதே கப்பலில் அந்தக் கூட்டத்து மனிதர்கள் ஆறு பேரையும் ஏற்றிப் போனார். அருங்காட்சியகத்தின் நிலவறையில் தங்கவைத்தார்கள். சில மாதங்களுக்குள் நான்கு பேர் நோயில் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் மகன் மினிக், சின்னப் பையன். அவன் கண் முன்னால் அப்பாவைப் புதைப்பதுபோல ஒரு சடங்கு நடந்தது. எலும்புகளோ அருங்காட்சியகத்திலேயே இருந்தன. அவை கிரீன்லாந்துக்குத் திரும்பியது 1993-இல். இதைப் படித்த பிறகு அந்த மனிதரின் மீசையைப் புகைப்படத்தில் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கோஷெட்டும் அவரைத் தன் படத்தின் மையத்துக்கு வரவிடவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

அலெகாசினாவுக்கு வருகிறேன். படத்தில் அல்லாகாவாகக் காட்டப்படும் பெண்ணின் மூலம் இவர். பதின்வயதில் இருந்தபோதே பியரியின் பார்வை இவர் மேல் விழுந்தது. 1898-இல் பியரி வெளியிட்ட பயண நூலில் இந்தப் பெண்ணின் ஆடையில்லாப் புகைப்படத்தை இனவியல் என்ற போர்வையில் அச்சிட்டிருக்கிறார். அந்தப் புத்தகம் ஜோசஃபினின் வீட்டிலும் இருந்திருக்கும்.

1899-இல் ஜோசஃபினின் இரண்டாவது மகள் ஃபிரான்சின் ஏழு மாதத்தில் இறந்துபோனாள். பியரி அந்தக் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் வடக்கே இருந்தார், உறைபனியில் கால்விரல்களை இழந்து. மனைவி பொறுக்கவில்லை. 1900 கோடையில் ஏழு வயதை நெருங்கிய மேரியையும் கூட்டிக்கொண்டு ‘விண்ட்வர்ட்’ கப்பலில் கிளம்பிவிட்டார். கணவனைப் பார்த்துவிட்டு இலையுதிர்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. கேப் சேபைன் பக்கத்தில் பேயர் துறைமுகத்தில் கப்பலைச் சுற்றிப் பனி இறுகிக்கொண்டது. அந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே மாலுமிகளுக்கு வயிறு கலங்கும். 1884-இல் கிரீலி என்பவர் தலைமையிலான துருவ ஆய்வுக் குழுவின் 25 பேரில் 6 பேர்தான் அங்கிருந்து உயிரோடு வீடு திரும்பினார்கள். பியரி அங்கே இல்லை. வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி, ஃபோர்ட் காங்கர் முகாமில் இருந்தார். மனைவியும் மகளும் வந்திருப்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கப்பலுக்கு இனூயிட் குடும்பங்கள் சில வந்து சேர்ந்தன. அவர்களில் அலெகாசினா. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அது யாருடைய குழந்தை என்பதை அவர் மறைக்கவில்லை. மறைப்பதற்கு அவர் ஊர் வழக்கத்தில் என்ன இருக்கிறது? பெருமையாகத்தான் சொன்னார்.

இதைக் கேட்ட இடத்திலிருந்து ஓடிப்போக ஜோசஃபினுக்குக் கதவில்லை. வீட்டுக்குப் போகிற கப்பலே அதுதான், அது அசையாது. கணவனுக்கு நீண்ட கடிதம் எழுதினார், உள்ளே இருந்த காயமெல்லாம் அதில். ஆனால் கடிதத்தை எடுத்துப் போகத் தபால்காரனா வரப்போகிறான்? சூரியன் மறைந்தது. நான்கு மாத இருட்டு. ஒரே கப்பல். இறந்த பெண்குழந்தையை மனதில் சுமந்துகொண்டு ஒருத்தி, அதே ஆளின் உயிருள்ள குழந்தையை முதுகு ரோமச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இன்னொருத்தி. நடுவில் இரண்டையும் பார்த்துக்கொண்டு ஏழு வயது மேரி. அந்தக் குளிர்காலத்தில் அலெகாசினா படுத்த படுக்கையானார். ஜோசஃபின் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்தார். மருந்து கொடுத்து, பார்த்துக்கொண்டு, எழுந்து நடக்கவைத்தார்.

இதைப் பெருந்தன்மை என்று சட்டென்று பெயர் சூட்ட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவர் அந்த மக்களைச் சமமாகப் பார்த்தவர் அல்ல. அவர் எழுதிய நாட்குறிப்பிலேயே அருவருப்பு நிறைய இருக்கிறது, படிக்கும்போது வலிக்கிறது. அப்படிப்பட்டவர்தான் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்தார். கோஷெட்டுக்கு இந்த முரண்தான் படத்தின் உயிர் என்று புரிந்திருக்கிறது. பினோஷின் ஜோசஃபின் முதல் பாதியில் கொஞ்சமும் விரும்பத்தக்கவள் இல்லை. குளிரிலும் நாகரிக உடையும் அதிகாரமுமாக நடக்கிறாள். அவளுடைய பிடிவாதத்தால் ஆட்கள் சாகிறார்கள். பின்பாதியில் அந்த உடையெல்லாம் அடுக்கடுக்காகக் கழன்று, இனூயிட் பெண்ணின் பனிக்குடிலில் ஒரே போர்வைக்குள் இருவரும் ஒண்டுகிற இடம் வரும்போது கேமரா முகங்களை விட்டு நகர்வதே இல்லை. தன் படங்களுக்குத் தானே கேமராவைத் தோளில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் உள்ளவர் கோஷெட். அந்த நெருக்கம் அங்கே தெரிகிறது.

ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டார். இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். 1900-ஐ 1908 ஆக்கியதைப் பொறுக்கலாம், கப்பலைக் குடிலாக்கியதையும் பொறுக்கலாம். மேரியை அந்த இருட்டிலிருந்து எடுத்துவிட்டார்களே, அதைப் பொறுக்க முடியவில்லை. அந்தக் குழந்தை இருந்ததால்தான் ஜோசஃபின் அழாமல் இருந்தார், கத்தாமல் இருந்தார், கிறிஸ்துமஸ் கொண்டாடினார். அம்மாவின் முகம் ஏன் மாறிவிட்டது என்று தெரியாமல், தன் அப்பாவின் சாயலில் இருக்கும் ஒரு குழந்தையோடு விளையாடுகிற சிறுமி. எண்ணெய்க் கிணற்று மேடையில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்தே ஒரு பெண்ணின் வாழ்நாள் துயரத்தைக் காட்டத் தெரிந்த இயக்குநருக்கு இந்தச் சிறுமி கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! திரைக்கதையில் இருவர் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வரலாறு மூவர் என்கிறது. பெர்லின் விமர்சகர்களோடு நான் சண்டைக்குத் தயார், இந்த ஓர் இடத்தைத் தவிர.

1901 மே மாதம் பியரி தெற்கே வந்து கப்பலைக் கண்டார். மனைவியையும், மகளையும், அலெகாசினாவையும் ஒரே தளத்தில் கண்டார். அன்று அங்கே என்ன பேசினார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பனி விட்டதும் ஜோசஃபின் ஊர் திரும்பினார். கணவனை விட்டு விலகவில்லை. அவருக்காகப் பணம் திரட்டினார், மேடைகளில் பேசினார். 1906-இல் அலெகாசினாவுக்குக் காலி என்ற மகன் பிறந்தான், அவனும் பியரியின் பிள்ளைதான். 1909 ஏப்ரல் 6 அன்று துருவத்தைத் தொட்டுவிட்டதாகப் பியரி உலகுக்கு அறிவித்தார். ஜோசஃபின் 1955 வரை, 92 வயது வரை இருந்தார். 1987-இல், எண்பதைத் தாண்டிய காலி முதல்முறையாக அமெரிக்காவுக்கு வந்து தன் தகப்பனின் நாட்டைப் பார்த்தார்.

கோயாவில் இந்தப் படத்துக்கு இசை, உடை, ஒப்பனை, தயாரிப்பு மேற்பார்வை என்று நான்கு விருதுகள் வந்தன. இயக்கத்துக்கு இல்லை. அந்தச் சூட்டோடு கோஷெட் கையில் எடுத்தது, பெனலோப் ஃபிட்ஸ்ஜெரால்டு 1978-இல் எழுதிய மெல்லிய நாவல். கணவனை இழந்த ஒருத்தி, ஈரம் பூத்த ஒரு பழைய வீடு, அதில் ஒரு கடை. கூடவே, பள்ளி விட்டதும் கடையில் வேலைக்கு வருகிற ஒரு சிறுமி. இந்த முறை அந்தச் சிறுமியை அவர் விட்டுவிடவில்லை. அவளோடு அடுத்த வாரம் அந்தக் கடைக்குள் நுழைவோம்.

(தொடரும்)