துளைகளின் கணக்கு

வேட்டைத் துப்பாக்கியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் குழல் கடைந்த நிபுணர்களையே பெரிதும் போற்றுவர். அக்குழலிலிருந்து பாய்ந்த ரவைகள் காகிதத்தில் இட்ட துளைகளைப் பொறுமையோடு எண்ணியவர்களுக்கும் அப்புகழில் சமபாகம் உண்டு என்பது என் துணிபு.

குழலின் வாயைச் சிறிதளவு, மிகுந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், சுருக்கிவிட்டால் ரவைக் கூட்டம் விரைவில் சிதறாது நெடுந்தூரம் திரண்டு செல்லும் என்னும் யுக்திக்கு, இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பேப் என்பவர் 1866-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1874-ல் பர்மிங்காமைச் சேர்ந்த துப்பாக்கி வினைஞர் கிரீனர், இவ்வாறு வாய் சுருக்கிய தம்முடைய பன்னிரண்டாம் எண் குழல், ஒன்றேகால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைந்த ஆறாம் எண் ரவையைக் கொண்டு, நாற்பது கஜ தூரத்தில் முப்பது அங்குல வட்டத்துக்குள் சராசரி 210 ரவைகளைச் செலுத்தும் என்று விளம்பரம் செய்தபோது, அக்காலத்துச் சாதாரணக் குழல்கள் ஏறத்தாழ முந்நூறு ரவைகளில் நூற்றிருபதைச் சேர்த்தாலே பெரிதென்றிருந்தமையால், பலரும் அதை நம்ப மறுத்தனர்.

'தி ஃபீல்ட்' பத்திரிகையின் ஆசிரியர் வால்ஷ், வைத்தியத் தொழிலிலிருந்து பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவர், அந்தச் சந்தேகத்தை வாதத்தால் தீர்க்க முயலாமல் பரீட்சையால் தீர்க்கத் துணிந்தார். 1875-ல் நடந்த பகிரங்கப் பரீட்சையில், ஒரு வெடி நன்றாக அமைவது தற்செயலாகவும் இருக்கலாமாதலால், ஒவ்வொரு துப்பாக்கியும் பன்முறை சுடப்பட்டுச் சராசரி கணிக்கப்பட்டது. அடுக்கிய காகிதங்களில் எத்தனை தாளை ரவை ஊடுருவிற்று என்பதும் கவனிக்கப்பட்டது. கிரீனரின் குழல்கள் முதன்மை பெற்றன. தொழிலாளியின் சொல்லுக்கும் கடையின் கௌரவத்துக்கும் இருந்த அதிகாரம் அன்று எண்ணிக்கையின் கைக்கு மாறியது. இதை ஒரு பெரிய நன்மை என்றே நான் மதிக்கிறேன்.

ஆனால், அசையாத காகிதம் ரவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த கால வேறுபாட்டைக் காட்டாது. அந்நூற்றாண்டு முடிவதற்குள், ஷூல்ட்ஸ் வெடிமருந்துக் கம்பெனியின் கிரிஃபித், சுழலும் இலக்கின்மீது சுடச்செய்து, ரவைக் கூட்டம் வட்டமாய் மட்டுமன்றி நீண்ட தொடராயும் பறக்கிறது என்பதைப் பிரத்தியட்சமாக்கினார்.

பின்னர் 1960-களில் தோட்டாவினுள் பிளாஸ்டிக் கிண்ணம் புகுந்து, ரவைகள் குழலில் உராய்ந்து உருக்கெடாமல் காத்தபோது, அதே குழல் முன்னிலும் நெருக்கமாகச் சுடத் தொடங்கியது. ஆகவே தோட்டாவை மாற்றியவர்கள், பழைய நாற்பது கஜத்தில், பழைய முப்பது அங்குல வட்டத்தை வரைந்து, மறுபடியும் எண்ணவேண்டியவராயினர்.