ஏலமும் ஏலமின்மையும்

'டெண்டர் விடாம கொடுத்தா ஊழல், விட்டா நேர்மை.' நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற வாதம் இது. சாலைக்கும் பாலத்துக்கும் சரி. மனிதர்களைப் பராமரிக்கும் வேலையையே அரசு காசு கொடுத்து வாங்கும்போது இந்த எதிர்வு என்ன ஆகிறது? நியூயார்க் வரலாற்றை வைத்து யோசித்துப் பார்க்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏலம் இருக்கத்தான் செய்தது. 'இந்த ஆளை யார் குறைஞ்ச காசுக்கு வெச்சுச் சோறு போடுறீங்க?' குறைத்துக் கேட்டவனுக்கு அந்த ஏழை. சோற்றில் மிச்சம் பிடித்தால் லாபம், உழைப்பையும் பிழிந்துகொள்ளலாம். மாநிலச் செயலாளர் ஜான் யேட்ஸ் 1824இல் தந்த அறிக்கை இதைக் கண்டித்தது. மாவட்ட ஏழையர் விடுதிகள் வந்தன.

அவ்விடுதிகளிலிருந்து குழந்தைகளை வெளியேற்றியது 1875ஆம் ஆண்டுச் சட்டம். இயன்றவரை பெற்றோரின் மதத்தவர் நடத்தும் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்றது. புராட்டஸ்டண்டுகள் தங்கள் பிள்ளைகளை மாற்றிவிடுவார்கள் என்ற கத்தோலிக்கரின் அச்சம் (நியாயமான அச்சந்தான்) இதன் பின்னால் இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று அரசுப் பணம் போனது. ஏலம் கிடையாது. தலைக்குக் காசு என்றால் தலைகள் பெருகுமல்லவா? பெருகின. ஜோசபின் ஷா லோவல் அன்றே இதை எதிர்த்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சந்தையில் வாங்குபவன் பொறுக்கி எடுப்பான். இங்கே விற்பவர்கள் பொறுக்கினார்கள். நூறாண்டு கழித்து நகரத்தின் வளர்ப்புப் பராமரிப்பில் பெரும்பகுதி தனியார் தொண்டு அமைப்புகளின் கையில். நல்ல இல்லங்களில் பல கத்தோலிக்க, யூத அமைப்புகளுடையவை. பணமோ பெரும்பாலும் பொதுப்பணம். 'எங்க பிள்ளைங்களுக்குத்தான் முதலிடம்' என்றார்கள். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். ஆக, இனம் என்ற சொல்லை உச்சரிக்காமலே இனவொதுக்கல் நடந்துமுடிந்தது. நமக்குப் பழகிய தந்திரம்தானே இது!

ஷர்லி வைல்டர் என்ற 13 வயதுக் கறுப்பினச் சிறுமியை அவ்வில்லங்கள் ஏற்கவில்லை. வீட்டை விட்டு ஓடியதுதான் அவள் செய்தது. ஹட்சனிலிருந்த அரசுச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1973இல் அவள் பெயரில் வழக்கு. மதப் பொருத்தச் சட்டம் தன்னளவில் அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்றது நீதிமன்றம், 1974இல். 1986இல்தான் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தது: முதலில் வரும் குழந்தைக்கு முதலிடம்.

அதற்குள் ஷர்லி தாயாகிவிட்டிருந்தாள். அவளுடைய மகனும் அதே பராமரிப்பு அமைப்புக்குள்தான் வளர்ந்துகொண்டிருந்தான்.