நாடு கடத்தப்பட்டவரின் பெயர் தாங்கிய மலை

வடகிழக்குச் சைபீரியாவில் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது செர்ஸ்கி மலைத்தொடர். அதன் அதியுயர் சிகரமாகிய பொபேதா 3,003 மீற்றர் உயரமுடையது. இந்திகிர்க்கா நதி மலையை ஊடறுத்து வடதுருவக் கடலை நோக்கி ஓடுகிறது. கலைமான் மேய்க்கும் ஏவென் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த இம்மலைகளை, ஒரே தொடரென இனங்கண்டு தேசப்படத்தில் இடம்பெறச் செய்தவர் புவிச்சரிதவியலாளர் செர்கேய் ஒப்ருச்சேவ். அது 1926ஆம் ஆண்டிலேதான் நிகழ்ந்தது.

மலைக்கு இடப்பட்ட பெயர் மன்னன் எவனுடையதுமன்று. 1863இல் ஜாராட்சிக்கு எதிராக மூண்ட போலந்துக் கிளர்ச்சியில் பங்குகொண்டமைக்காகச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட இவான் செர்ஸ்கியின் பெயரே அது. தண்டிக்கப்பட்ட மண்ணையே அவர் தம் பாடநூலாக்கிக் கொண்டார். 1892இல், கொலிமா ஆற்றில் ஆய்வுப் பயணத்தின் நடுவே அவர் உயிர் நீத்தார். மனைவி மாவ்ரா அப்பயணத்தைத் தொடர்ந்தார்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. ஜாராட்சி வீழ்ந்த பின்னர், 1930களில், ஸ்டாலின் ஆட்சி இதே கொலிமாப் பிரதேசத்துக்குப் பல்லாயிரம் கைதிகளைப் பொன் தோண்டவும் பாதை வெட்டவும் அனுப்பியது. குளிரிலும் பசியிலும் மாண்டோர் பலர்.

பொதுவுடைமையின் பெயரால் நிகழ்ந்தது என்பதற்காக நாம் இதை மறைக்கலாகாது. ஜாரின் கொடுமையை வகுப்பறையில் எடுத்துரைக்கும் நாம், கொலிமாவின் கதையையும் அதே குரலில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.