பெயரில்லாத நாடும் பெயருள்ள வீதிகளும்

 

நமது பிள்ளைகள் துப்பாக்கி கேம் விளையாடுவது புதிய செய்தியல்ல. "போனை வை" என்று ஏசிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தத் திரைக்குள் யார் யாரைச் சுடுகிறார், எந்த ஊரில் சுடுகிறார் என்று பார்ப்பதில்லை. பார்த்தால் அதற்குள்ளும் நமது காலத்தின் வரலாறு இருக்கிறது. இரண்டு பழைய கேம்களை வைத்து அதைப் பேசுவோம். ஒன்று, 2007இல் வந்த 'கோல் ஒஃப் டியூட்டி 4: மொடர்ன் வோர்ஃபெயார்'. மற்றது, 2009இல் வந்த அதன் இரண்டாம் பாகம்.

இந்த வரிசை தொடங்கியது 2003இல். ஆரம்பத்தில் வந்தவை இரண்டாம் உலகப் போரைப் பற்றியவை. எதிரே நின்றது ஹிட்லரின் படை. அதே 2003 மார்ச்சில்தான் அமெரிக்கா ஈராக்கினுள் புகுந்தது. நான்கு வருடங்களின் பின்னும் அந்த யுத்தம் ஓயாதிருந்த வேளையில், இன்பினிட்டி வார்ட் நிறுவனம் கேமை நமது காலத்துக்குக் கொண்டுவந்தது. முதற்பாகத்தில் ஒரு கட்டத்தின் பெயரே 'ஷொக் அண்ட் ஓவ்'. பக்தாத் மீது குண்டு பொழிந்தபோது உலகமெங்கும் அடிபட்ட சொல் அது.

முதற்பாகத்தில் நாம் மெச்ச வேண்டியதும் உண்டு. தொடக்கத்திலேயே, கவிழ்க்கப்பட்ட ஒரு அரபு ஜனாதிபதியின் கண்களால் நாம் பார்க்கிறோம். கையில் துப்பாக்கி இல்லை. காரில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சுட்டுவிடுகிறார்கள். பிறகு, நாம் இயக்கும் அமெரிக்கச் சிப்பாய் அணுகுண்டு வெடிப்பில் சிக்குகிறான். விழுந்த ஹெலிகொப்டரிலிருந்து தவழ்ந்து வெளியே வருகிறான். சில அடி நகர்கிறான், இறந்துபோகிறான். எந்தப் பொத்தானை அழுத்தியும் காப்பாற்ற முடியாது. போர் என்றால் சாவு என்று ஒரு கேம் அவ்வளவு நேராகச் சொன்னது பெரிய விடயம்.

ஆனால் அந்த அரபு நாட்டுக்குப் பெயரே இல்லை. ஜனாதிபதியின் பெயர் அல்-ஃபுலானி. அரபியில் 'ஃபுலான்' என்றால் 'இன்னார்' என்று அர்த்தம் என்பது நமக்குத் தெரியும். காரில் போகும்போது வீதியில் மக்கள் தென்படுகிறார்கள். சண்டை தொடங்கியதும் ஒரு உம்மாவோ ஒரு பிள்ளையோ கண்ணில் படுவதில்லை. சுடப்பட வேண்டியவர்கள் மட்டுமே மிஞ்சுகிறார்கள்.

இன்னொரு கட்டத்தில் வானத்திலிருந்து சுட வேண்டும். அது நடப்பது ரஷ்யாவில். கீழே ஓடும் மனிதர்கள் கறுப்புவெள்ளைத் திரையில் சின்ன வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவார்கள். இந்த கேம் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2007 ஜூலை 12இல், பக்தாத்தில் அமெரிக்க ஹெலிகொப்டர் ஒன்று வீதியில் நின்றவர்களைச் சுட்டது. அதன் வீடியோவை 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது, கேம் போலவே இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். அந்த வீடியோவில் விழுந்தவர்களுக்குப் பெயர் இருந்தது. அவர்களில் இருவர் ரொய்ட்டர்ஸ் செய்திச் சேவையின் ஊழியர்கள்: புகைப்படக்காரர் நமீர் நூர்-எல்தீன், சாரதி சயீத் ஷ்மாக்.

2009இல் வந்த இரண்டாம் பாகம் எல்லாவற்றிலும் பெரியது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதல் நாளிலேயே 47 இலட்சம் பிரதிகள் விற்றன. இதில் யுத்தம் அமெரிக்காவுக்கே போகிறது. வேர்ஜீனியாவின் குடியிருப்புகள், வொஷிங்டன், வெள்ளை மாளிகை என்று ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் உண்டு. அங்கே ஒரு வீடு எரிந்தாலும் விளையாடுபவனுக்கு மனம் பதைக்கிறது. முதற்பாகத்தில் ஒரு அரபு நகரமே அணுகுண்டில் அழிந்தபோது நாம் துக்கப்பட்டது அந்தச் சிப்பாய்க்காகத்தான்.

இரண்டாம் பாகத்தில் அதிகம் சர்ச்சையானது மொஸ்கோ விமான நிலையக் காட்சி. பயங்கரவாதிகளோடு ஊடுருவிய அமெரிக்க உளவாளியாக, நிராயுதபாணிகளான பயணிகள் மத்தியில் நாம் துப்பாக்கியோடு நடக்கிறோம். சுடாமலும் நடக்கலாம், காட்சியையே தவிர்த்தும் விடலாம். ரஷ்யாவில் அந்தக் கட்டம் நீக்கப்பட்டது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பயணிகளைச் சுட்டால் ஆட்டம் முடிந்துவிடும்படி மாற்றினார்கள்.

முதற்பாகம் கொல்லப்படுபவனின் கண்ணைத் தந்தது. இரண்டாம் பாகம் கொல்பவனின் கண்ணைத் தந்தது. அதைவிட நமக்கு உறுத்துவது வேறொன்று. அந்தப் பயணிகளின் சாவு, ரஷ்யா அமெரிக்கா மீது படையெடுக்க ஒரு காரணமாகிறது, அவ்வளவுதான். செத்தவர்கள் யார் என்று கதை திரும்பிக் கேட்பதில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டதை நாம் ஒவ்வொரு வருடமும் நினைவுகூர்கிறோம். அவர்களை யாராவது ஒரு கதைக்குக் காரணமாக மட்டும் பாவித்தால் நாம் பொறுப்போமா?

கடைசியாக ஒன்று. இரண்டாம் பாகத்தில் பலர் சேர்ந்து விளையாடும் 'ஃபவேலா' என்ற இடத்தில், ஒரு குளியலறைச் சுவரில் படம் ஒன்று தொங்கியது. அல்லாஹ்வின் அழகைப் பற்றிய ஒரு ஹதீஸ் அதன் சட்டத்தில் அரபியில் எழுதப்பட்டிருந்தது. அழகான கோடுகள் என்று அலங்காரத்துக்கு மாட்டியிருப்பார்கள் போலும். 2012இல் முஸ்லிம் விளையாட்டாளர்கள் முறையிட்டார்கள். வெளியீட்டு நிறுவனமான அக்டிவிஷன் அந்த இடத்தையே தற்காலிகமாக எடுத்துவிட்டு, படத்தை மாற்றிய பிறகு திரும்பச் சேர்த்தது. கோடிக்கணக்கான ரூபாய் புரளும் ஒரு கேமை, அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த சிலர் திருத்தவைத்தார்கள்.

இரண்டாம் பாகத்தின் உறையில் ஐரோப்பிய முத்திரை 18 என்றிருக்கும். சின்னப் பிள்ளைகள் கையில் அவை வேண்டாம். வளர்ந்த பிள்ளை விளையாடினால் ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். "மகன், இது எந்த நாடு? இங்கே வீடுகளில் இருந்தவர்கள் எங்கே? சுவரில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள். ஈராக் யுத்தத்தின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்கலாம்.

பார்ப்பதை வாசித்து விளங்கும் அறிவை அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குத் தருவானாக. ஆமீன்.