கூப்பனில் இல்லாத சாமான்

நம்மட ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு சாப்பாட்டு வரலாறு இருக்கு. வரிப்பத்தான்சேனை, அட்டாளைச்சேனை, வடக்கே போனால் வாழைச்சேனை. காட்டை வெட்டி எரித்து, மழையை நம்பி விதைக்கிற நிலம்தான் சேனை. அதில் விளைந்தவை குரக்கன், இறுங்கு, சோளன், பயறு, கௌபி, மரவள்ளி. பெயர் அப்படியே நிற்குது. குசினித் தட்டில்தான் அந்தச் சாமான்களைக் காணோம். அங்கே இருப்பது அரிசி, கோதுமை மா, சீனி, மைசூர்ப் பருப்பு.

நாக்கு ருசி மாறிப்போச்சு என்று இதைச் சொல்லி முடிக்க ஏலாது. எங்கட வீட்டுச் சாமான் துண்டின் பாதியை எழுதியது கூப்பன் புத்தகம்.

1942க்குப் போவோம். அப்போது இலங்கை சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது, பெரும்பாலும் பர்மாவிலிருந்து. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் கப்பல் நின்றது. அந்த வருஷமே அரிசிப் பங்கீடு தொடங்கியது. போதாத அரிசிக்குப் பதிலாக மா கொடுத்தார்கள். யுத்தம் 1945இல் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. சங்கக் கடைக்குக் கூப்பனோடு போவது முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வாராந்தக் கடமையாகிப் போச்சு.

அதில் கை வைத்த அரசாங்கம் என்ன பட்டது என்பதற்கு 1953 சாட்சி. ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாகக் கூட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பகல் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் ஆட்கள் சுடப்பட்டு இறந்தார்கள். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அதே டட்லி 1966இல் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைத்தார். ஆனால் இந்த முறை அந்த ஒரு கொத்தை இலவசமாகக் கொடுத்தார். பாடம் படித்திருக்கிறார்!

இதற்கிடையில் நம்மட பக்கத்திலேயே பெரிய வேலை நடந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டினார்கள். இறக்காமக் குளம் அதற்கு முந்தியது, வயலும் முன்னமே இருந்தது. ஆனால் வாய்க்கால் தண்ணி வந்த பிறகு நெல்தான் எல்லாம் என்றாச்சு. நெல்லுக்கு உத்தரவாத விலையும் இருந்தது. நெல்லுக்குக் கிடைத்த கவனம் குரக்கனுக்குக் கிடைக்கவில்லை. சேனைப் பயிர் மேட்டுக்கும் பஞ்ச காலத்துக்கும் ஒதுங்கியது.

பஞ்ச காலம் என்று வயசாளிகள் சொல்வது அநேகமாக எழுபதுகளைத்தான். சிறிமாவோ அரசாங்கத்திடம் டொலர் இல்லை, உலகச் சந்தையில் அரிசியும் மாவும் எண்ணெயும் ஒன்றாக ஏறின. பருப்பு, மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கினார்கள். பாணுக்கு விடியமுந்தி வரிசை. அனுமதி இல்லாமல் நெல்லும் அரிசியும் கொண்டுபோக முடியாது, வீதியில் மறித்துப் பார்ப்பார்கள். நெல் விளைகிற ஊரிலிருந்து சொந்தக்காரருக்கு ஒரு பை அரிசி கொண்டுபோவதே கள்ளக்கடத்தல்! அந்த நேரத்தில் அடுப்பில் ஏறியது மரவள்ளியும் வத்தாளங்கிழங்கும் சோளனும். அதனால்தான் மரவள்ளி என்றதும் சில மூத்தம்மாமார் முகம் சுளிப்பது. அது அவர்களுக்கு ருசியில்லை, ஞாபகம்.

1979இல் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரீமா மா ஆலை ஓடத் தொடங்கியது. வரிசை இல்லாமல், கூப்பன் இல்லாமல் மா கிடைத்தது. ரொட்டியும் பராட்டாவும் நம்மட பாரம்பரியம் மாதிரி ஆனது இந்த வழியில்தான்.

பிறகு நாம் கண்ணால் கண்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் அந்தப் பெரும்போகம் விழுந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். மாவும் பருப்பும் கேஸும் டொலரில் வருகிற சாமான். டொலர் போனதும் மூன்றும் சேர்ந்து போனது.

அப்படியென்றால் பேணியில் எதைப் போட்டு வைக்கலாம்? முதலில் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 விற்றமின் அரிசிக்குள் இறங்கும், தீட்டினாலும் முழுக்கப் போகாது. அரிசியின் புரதத்தில் குறைவான லைசினைப் பயறும் கௌபியும் நிரப்பும். பாற்சோறு, சுண்டல், கறி, கஞ்சி என்று நாலு வழிக்கும் ஆகும். இரவே ஊறப்போட்டால் கேஸ் மிச்சம். நெத்தலிக் கருவாடு கொஞ்சம், குரக்கன் மா ஒரு கிலோ. முருங்கை இலைக்குப் பேணி தேவையில்லை, வேலியில் நிற்கும். நோன்பு காலத்தில் மட்டும் கஞ்சியை நினைப்பது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை.

எனக்குப் பெரிய கவலை நெல்தான். முந்தி வெள்ளாமைக்காரன் வீட்டில் பட்டறை இருந்தது, வருஷச் சோத்துக்கு நெல்லை ஒதுக்கிய பிறகுதான் விற்பனை. இப்போது வெட்டு மெஷினிலிருந்து ஈரநெல் அப்படியே லொறிக்கு ஏறுது. கடனுக்கும் பசளைக்கும் அந்தக் காசு உடனே வேணும், குற்றம் சொல்ல ஏலாது. ஆனால் ரெண்டு மாசம் கழித்து அதே நெல்லை அரிசியாக, கடை விலைக்கு, கிலோக் கணக்கில் வாங்குகிறோம். அறுவடையில் நாலைந்து மூடையைப் படங்கில் விரித்து ஈரம் 14 வீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவைத்தால் மாசக்கணக்கில் கிடக்கும். பல்லுக்கிடையில் கடித்துப் பார்த்து, ‘டக்’ என்று உடைந்தால் காய்ந்தது என்பார்கள் நம்மட ஆட்கள். ஈரமானி வாங்க வழியில்லாதவர்களுக்கு அது போதும்.